உறைந்த குளத்தில் ஹாக்கி ஆட்டம்!

சங்ககிரி லாரி போகாத ஊர் இந்தியாவில் உண்டா என்று எங்கள் பக்கத்தில் வேடிக்கையாகக் கேட்பதுண்டு. கோட்டை மலைக்குக் கீழே தெருவுக்குத் தெரு லாரி முதலாளியும் இருப்பார், டிரைவரும் இருப்பார், கிளீனர் பையனும் இருப்பான். லாரி திரும்பி வரும்போது வாடகைக் கணக்கோடு வெளியூர்ச் செய்திகளும் வந்து இறங்கும். பஞ்சாபில் என்ன விளைச்சல், ஜம்முவில் எத்தனை குளிர் என்பதெல்லாம் எங்கள் வாசல் திண்ணைக்கு அத்துபடி.

ஆனால் லடாக்கில் உறைந்த குளத்தின் மேலே பெண்கள் ஹாக்கி ஆடுகிறார்கள் என்ற செய்தியை மட்டும் என் மாமியார் நம்பவே இல்லை.

"ஏனம்மிணி, நம்மூர் வெயில்ல டம்ளர்ல போட்ட ஐஸ்கட்டி வாய்க்குக் கொண்டு போறதுக்குள்ள கரைஞ்சு போவுது. அது மேலே ஏறி நின்னு ஆடறாங்களாமா?"

கேள்வி நியாயம்தானே! சித்திரை மாசத்தில் செருப்பில்லாமல் வாசலில் கால் வைக்க முடியாத ஊர் எங்களுடையது. பனிக்கட்டி என்றால் எங்களுக்குக் கல்யாண வீட்டு ஐஸ்கிரீமும், மீன்காரர் பெட்டியும்தான். அதனால், ஒரு ஜனவரி மாசத்தில் குடும்பத்தோடு லே நகரத்துக்குப் போகும் சந்தர்ப்பம் கிடைத்தபோது, மடாலயங்களைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த ஆட்டத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டேன். பார்த்தேன், அது வளர்ந்த கதையையும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பெண் குழந்தை வைத்திருக்கும் எல்லாத் தாய்மார்களும் கேட்க வேண்டிய கதை அது.

சின்னஞ்சிறு ஜனத்தொகை

முதலில் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. லடாக் முன்பு ஜம்மு காஷ்மீர் மாநிலத்தின் ஒரு பகுதி. 2019 அக்டோபர் 31 முதல் தனி யூனியன் பிரதேசம். பரப்பளவில் நம் தமிழ்நாட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவு. ஜனங்களோ 2011 கணக்குப்படி 2,74,289 பேர்தான். எங்கள் சேலம் மாவட்டத்தின் ஜனத்தொகையில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட வராது! இத்தனை கொஞ்சம் பேர் வாழும் இடத்திலிருந்துதான் இந்தியாவின் ஐஸ் ஹாக்கி அணிக்குப் பெரும்பாலான பெண்கள் வருகிறார்கள்.

குளிர்காலத்தில் மணாலி வழியான மலைப்பாதையைப் பனி மூடிவிடும். ஆகவே டெல்லியிலிருந்து விமானம்தான் சௌகரியம். ஒன்றேகால் மணி நேரப் பயணம். ஜன்னல் வழியே பார்த்தால், கண்ணுக்கு எட்டிய மட்டும் சர்க்கரைப் பாகு ஊற்றினாற்போல் வெள்ளை மலைகள்!

இறங்கியதும் ஓடியாடக் கூடாது. லே நகரம் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 3,500 மீட்டர் உயரம். ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் பிராணவாயு, கீழே கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். மாடிப்படி பத்து ஏறினாலே நெஞ்சு படபடக்கிறது. முதல் இரண்டு நாள் பேசாமல் படுத்து ஓய்வெடுக்க வேண்டும். தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர், சூப் என்று குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். லேசான தலைவலி பலருக்கு வரும். வாந்தி, தள்ளாட்டம், படுத்திருக்கும்போதே மூச்சுத் திணறல் என்று வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர்கள், இருதயக் கோளாறோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பவே கூடாது.

நாங்கள் ஒரு வீட்டில் தங்கினோம். அங்கே குளிர்காலத்தில் வீடு என்றால் சமையலறைதான். நடுவில் இரும்பு அடுப்பு. அதைச் சுற்றிக் கம்பளம் விரித்து, சாப்பாடு, பேச்சு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அங்கேயே. சுவர் அலமாரியில் பித்தளைப் பாத்திரங்களும் செப்புப் பாத்திரங்களும் பளபளக்கின்றன. நம் பாட்டி வீட்டு ஞாபகம் வந்தது! உப்பும் வெண்ணெயும் போட்ட டீ, காய்கறியும் நூடுல்ஸும் சேர்த்த 'துக்பா' கஞ்சி, 'கம்பீர்' என்ற தடித்த ரொட்டி. வீட்டு அம்மாவை எல்லோரும் 'அமா-லே' என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். வணக்கம் சொல்லவும், நன்றி சொல்லவும், போய் வருகிறேன் என்று சொல்லவும் ஒரே வார்த்தை: 'ஜூலே'. எனக்குச் சிரமமே இல்லை!

கத்திமேல் நடப்பது

மூன்றாம் நாள் காலையில் ஆட்டம் பார்க்கப் போனோம். மைதானம் என்று நான் நினைத்துப் போனது ஒன்று, கண்டது ஒன்று. மார்கழி பிறக்கும் சமயத்தில் ஒரு தாழ்வான இடத்தில் இரவு நேரத்தில் தண்ணீரைப் பாய்ச்சி விடுகிறார்கள். தோசைக்கல்லில் மாவு பரப்பினது போல மெல்லிய படலமாக அது உறைகிறது. மறுநாள் அதன் மேலே இன்னொரு படலம். இப்படிப் படலம் படலமாகக் கட்டினால்தான் உடையாத, வழுவழுப்பான தளம் கிடைக்குமாம். லே நகரத்தின் கர்சூ குளத்தில் பல வருஷங்களாக இப்படித்தான் ஆடி வருகிறார்கள்.

அந்தத் தளத்தின் மேலே, காலணியின் அடியில் கத்தி போன்ற எஃகுத் தகடு பொருத்திய ஸ்கேட்டுகளோடு பெண்கள் வழுக்கிக்கொண்டு பறக்கிறார்கள். அடேயப்பா, என்ன வேகம்! ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். அதில் ஒருவர் கோல் கீப்பர். பந்துக்குப் பதிலாக 'பக்' என்று ஒரு கெட்டி ரப்பர் வட்டு. உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். எடை ஏறக்குறைய 170 கிராம். தேர்ந்த ஆட்டக்காரர் அடித்தால் மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் போகும் என்றால், அதை மறித்து நிற்கிற கோல் கீப்பரின் நெஞ்சுத் துணிவை எண்ணிப் பாருங்கள். அதற்காகத்தான் தலையிலிருந்து கால் வரை கவசம். இருபது நிமிஷம் வீதம் மூன்று பகுதிகளாக ஆட்டம் நடக்கும். ஓடிக் களைத்தவர் வெளியே வர, புதியவர் உள்ளே புகுந்துகொண்டே இருப்பார். எனக்கு நின்றபடி பார்ப்பதற்கே மூச்சு வாங்கியது!

வெயில் ஏற ஏறத் தளம் இளகிவிடும் என்பதால் காலையும் மாலையும்தான் ஆட்டத்துக்கு உகந்த நேரம். இரவில் மைனஸ் 15, 20 டிகிரி என்று குளிர் இறங்குகிறது. அந்தக் குளிரில் வந்து, தளத்தில் விழுந்த பனியைத் துடைப்பம் போட்டுப் பெருக்கித் தள்ளிவிட்டுத்தான் பயிற்சி தொடங்க வேண்டும்.

கசிந்த குழாயும் ராணுவ பூட்ஸும்

இந்த ஆட்டம் நம் நாட்டுக்கு வந்த கதை சுவாரஸ்யமானது. உலகத்தில் உள்ளரங்கத்தில் நடந்த முதல் ஐஸ் ஹாக்கிப் போட்டி என்று சொல்லப்படுவது கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில், 1875 மார்ச் 3-ந் தேதி நடந்தது. பெண்கள் ரொம்பப் பின்தங்கிவிடவில்லை. 1889-லேயே ஒட்டாவாவில், கவர்னர் ஜெனரல் மாளிகையின் பனித்தளத்தில் பெண்கள் ஆடியிருக்கிறார்கள். கவர்னர் ஜெனரலின் மகள் இஸோபெல் ஸ்டான்லியும் அவர்களில் ஒருவர். அதுவும் கால்வரை தொங்கும் நீளப் பாவாடையோடு!

இந்தியாவில் இது முதலில் கால் ஊன்றியது சிம்லாவில். அங்கே பிளெஸ்ஸிங்டன் என்ற ஆங்கிலேயர் 1920-ல் பனிச்சறுக்குத் தளத்தை ஏற்படுத்தினார். அதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். டென்னிஸ் மைதானத்துப் பக்கத்தில் குழாய் ஒன்று ராத்திரி முழுக்கக் கசிந்துகொண்டிருந்ததாம். விடிந்து பார்த்தால் தண்ணீர் பரவிய இடமெல்லாம் கண்ணாடி போல உறைந்திருந்ததாம். 'அட, இதன் மேலேயே வழுக்கி விளையாடலாமே' என்று தோன்றியதாம். கசியும் குழாயைப் பார்த்து நமக்குத் தோன்றுவது பிளம்பர் கூலி. அவருக்குத் தோன்றியது ஒரு விளையாட்டு!

லடாக்கில் இந்த ஆட்டம் வேரூன்றியது 1970-களில், ராணுவ வீரர்கள் மூலமாக. 1963-ல் உருவான 'லடாக் ஸ்கவுட்ஸ்' படையினர் குளிர்காலத்தில் உறைந்த குளங்களில் ஆட, ஊர்ப் பையன்கள் கரையில் நின்று பார்த்துப் பழகிக்கொண்டார்கள். ஸ்கேட் வாங்கக் காசு ஏது? பழைய ராணுவ பூட்ஸின் அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்திக்கொண்டார்கள். கவசத்துக்குக் கிரிக்கெட் பேடு. நம் பிள்ளைகள் தென்னை மட்டையைச் செதுக்கிக் கிரிக்கெட் ஆடுவதில்லையா, அதே கதைதான்.

இது ஏன் அங்கே இத்தனை சீக்கிரம் பரவியது என்று யோசித்துப் பார்த்தேன். வாற்கோதுமை அறுவடை முடிந்தால் அடுத்த வசந்தம் வரை வயலில் வேலை இல்லை. பள்ளிக்கூடங்களுக்கு நம்மூர்க் கோடை விடுமுறை போலக் குளிர்கால நீண்ட விடுமுறை. வீட்டுக்குள்ளே எத்தனை நாள்தான் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பது? குளிர் கொடுத்த இலவச மைதானம் வாசலிலேயே இருக்கிறது. பிள்ளைகள் விடுவார்களா!

1985-ல் லடாக் குளிர்கால விளையாட்டுச் சங்கம் தொடங்கியது. போட்டிகள் ஒழுங்காக நடக்க ஆரம்பித்தன. 1989-ல் இந்திய ஐஸ் ஹாக்கி சங்கம் உலக சம்மேளனத்தில் உறுப்பினராகச் சேர்ந்தது. டெல்லியிலிருக்கும் கனடா தூதரகத்துக்காரர்கள் லேக்கு வந்து நட்பு ஆட்டம் ஆடினார்கள். வெளிநாட்டு அன்பர்கள் ஸ்கேட்டுகளும் கவசங்களும் அனுப்பி உதவினார்கள்.

பெண்கள் இறங்கினார்கள்

இதுவரை சொன்னது ஆண்களின் கதை. பெண்கள் என்ன செய்தார்கள்? அண்ணன் தம்பிமார் கழற்றிப் போட்ட ஸ்கேட்டுகளில் தொடங்கினார்கள். அளவு பொருந்தாவிட்டால் இரண்டு மூன்று காலுறை போட்டுக்கொண்டு சமாளித்தார்கள். நல்ல பொழுதில் தளம் பையன்களுக்கு. அவர்கள் ஆடி ஓய்ந்த மிச்ச நேரம்தான் பெண்களுக்கு. லேக்கு அருகே 'ஸெக்மால்' என்ற கல்வி இயக்கத்தின் பள்ளி வளாகத்தில் பையன்களையும் பெண்களையும் சமமாகப் பாவித்துப் பனித்தளத்தில் இறங்க விட்டார்கள். பிற்காலத்து நல்ல ஆட்டக்காரிகள் பலர் அங்கே பழகியவர்கள்.

2016-ல் இந்தியப் பெண்கள் அணி முதன்முதலாக ஒரு சர்வதேசப் போட்டிக்குக் கிளம்பியது. தைவானின் தைபேயில் நடந்த ஆசிய சாலஞ்ச் கோப்பை. போகப் பணம் இல்லை. பொதுஜனங்களிடம் நன்கொடை திரட்டித்தான் போனார்கள். குளத்துப் பனியில் பழகிய பெண்கள், இயந்திரக் குளிரூட்டலில் உருவான பெரிய அரங்கத்தில், வருஷம் முழுக்கப் பயிற்சி எடுத்தவர்களோடு மோதினார்கள். தோற்றுத்தான் திரும்பினார்கள். ஆனால் மறு வருஷமே, 2017-ல் பாங்காக் நகரத்தில், பிலிப்பைன்ஸ் அணியை 4-3 என்ற கோல் கணக்கில் ஜெயித்தார்கள். அதுதான் இந்தியப் பெண்களின் முதல் சர்வதேச வெற்றி!

அந்த அணியின் கோல் கீப்பர்களில் ஒருவர் லேயைச் சேர்ந்த நூர் ஜஹான். அவருடைய தொழில் என்ன தெரியுமா? நைந்துபோன பழைய துணி ஓவியங்களையும் சுவர்ச் சித்திரங்களையும் பழுது பார்த்துப் பாதுகாப்பது. நூலிழை பிரியாமல் பட்டுத் துணியைத் தொடுகிற அதே கைகள், பாய்ந்து வரும் ரப்பர் வட்டையும் பிடிக்கின்றன!

இவர்களுடைய விடாமுயற்சியைக் கேள்விப்பட்டு, ஒலிம்பிக்கில் நான்கு முறை தங்கம் வாங்கிய கனடாவின் ஹெய்லி விக்கன்ஹைஸர் 2018 ஜனவரியில் லடாக்குக்கே வந்து பயிற்சி கொடுத்தார். அதே வருஷம் நவம்பரில் இவர்கள் அவருடைய ஊரான கல்கரிக்குப் போய் ஆடினார்கள். 2025-ல் ஐக்கிய அரபு எமிரேட்ஸின் அல் அய்ன் நகரத்தில் நடந்த பெண்கள் ஆசியக் கோப்பையில் இந்திய அணி வெண்கலப் பதக்கம் வாங்கியது. அதிலும் லடாக் பெண்களே அதிகம். இமாசலப் பிரதேசத்து ஸ்பிதி பள்ளத்தாக்கின் பெண்களும் இப்போது சேர்ந்திருக்கிறார்கள்.

மெதுவாக நடக்கிறதே என்று தோன்றுகிறதா? ஆண்களின் ஐஸ் ஹாக்கி ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1920-ல். பெண்களுக்கு அந்தக் கதவு திறந்தது 1998-ல், ஜப்பானின் நகானோவில். கனடாவில் பாவாடையோடு ஆடியவர்களின் பேத்திகளும் கொள்ளுப் பேத்திகளும் அல்லவா ஒலிம்பிக் கண்டார்கள்! அதோடு பார்க்கும்போது லடாக்குப் பெண்கள் ஓட்டமாகவே ஓடியிருக்கிறார்கள்.

அடுப்படியில் ஒரு பேச்சு

நாங்கள் தங்கிய வீட்டுப் பெண்ணும் ஹாக்கி ஆடுகிறவள்தான், ஒன்பதாம் வகுப்பு. ராத்திரி அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். பாதி இந்தி, பாதி சைகை. மீதிக்கு என் மகள் துணை.

"ஆரம்பத்தில் நானே வேண்டாம் என்றுதான் சொன்னேன். பல் உடைந்தால் யார் பதில் சொல்வது? வெயிலும் பனியும் பட்டு முகம் கறுத்துவிடும் என்று சொந்தக்காரர்கள் வேறு. தண்ணீர் எடுக்கணும், மாட்டைப் பார்க்கணும், பெண்பிள்ளை இல்லாவிட்டால் யார் செய்வது என்றார் என் மாமியார்."

"அப்புறம் எப்படி மனசு மாறினீங்க, அமா-லே?"

அந்த அம்மாள் சிரித்தார். "ஒரு நாள் போய்ப் பார்த்தேன். விழுந்தாள். எழுந்தாள். மறுபடி விழுந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், சிரித்தாள். வீட்டில் அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து மாட்டை நானே பார்த்துக்கொள்கிறேன்."

என் மகள் இதைத் தமிழில் சொல்லி முடித்தபோது எனக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை. நம் பக்கத்தில் என்ன நடக்கிறது? ஏழாம் வகுப்பு வரை கபடியிலும் கோ-கோவிலும் பரிசு வாங்குகிற பெண், வயசுக்கு வந்த மறு மாசத்திலிருந்து மைதானத்துப் பக்கம் தலைகாட்டுவதில்லை. சீர் செய்த கையோடு அவள் ஷூவை எடுத்துப் பரணில் போட்டுவிடுகிறோம். எலும்பு வலுவடைகிற வயசு அதுதான் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். பத்திலிருந்து பதினெட்டுக்குள் ஓடி, குதித்து, நன்றாகச் சாப்பிட்ட உடம்புதான் பிற்காலத்தில் பிள்ளைப்பேற்றையும் முதுகுவலியையும் தாங்கும். அந்த வயசில்தான் நாம் 'உட்காரு' என்கிறோம்.

உருகுகிற மைதானம்

லடாக்குப் பெண்களுக்கு இப்போது புதுக் கவலை ஒன்று. பூமி சூடாவதால் குளிர்காலம் சுருங்குகிறது. முன்பு இதைவிட நீண்ட நாள் பனி நின்றது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இப்போது டிசம்பர் பாதியில் தொடங்கி பிப்ரவரியோடு சரி. இரண்டு மாசம்தான் கணக்கு. ஒரு வாரம் தாமதமாக உறைந்தாலும் பயிற்சியில் ஒரு வாரம் போச்சு. செயற்கைப் பனித்தளம் கட்டலாமே என்றால், அது யானையைக் கட்டித் தீனி போடுவது மாதிரி. டேராடூனில் 2011-ல் கட்டிய பெரிய அரங்கம், கரண்டுச் செலவு கட்டுப்படியாகாமல் வருஷக்கணக்கில் மூடிக் கிடந்து, 2025-ல்தான் மறுபடி திறந்தது.

அதனால் கிடைக்கிற இரண்டு மாசத்தில் ஒரு நாளையும் வீணாக்குவதில்லை. ஆட்டக்காரிகள் தாங்களாகவே லடாக் பெண்கள் ஐஸ் ஹாக்கி அமைப்பைத் தொடங்கி, கிராமம் கிராமமாகப் போய்ச் சிறுமிகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஸ்கேட்டுகளைச் சின்னவர்களுக்குக் கைமாற்றிவிடுகிறார்கள். ஒவ்வொரு கிராமத்திலும் முதலில் பேச வேண்டியிருப்பது குழந்தைகளிடம் இல்லையாம், அவர்களுடைய அம்மாக்களிடமாம்!

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆட்டம் பார்க்க ஜனவரிதான் சிறந்தது. கம்பளி உள்ளாடை, இரட்டைக் காலுறை, கையுறை, கறுப்புக் கண்ணாடி, உதட்டுக்குத் தடவ வாசலின் கட்டாயம் வேண்டும். வீட்டில் சிறுத்துப்போன நல்ல கம்பளிக் கையுறை இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். அங்கே யாராவது ஒரு சிறுமிக்கு அது பொருந்தும்.

லேயில் மைதானம் வருஷத்துக்கு இரண்டு மாசம்தான் இருக்கிறது. அப்புறம் தண்ணீராகி வயலுக்கு ஓடிவிடுகிறது. நம் ஊரில் பள்ளிக்கூட மைதானம் பன்னிரண்டு மாசமும் அப்படியே கிடக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மகள் ஷூவைத் தேடினால், பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டிக் கொடுங்கள். அந்த ஒரு மணி நேர வீட்டு வேலையை நாம் பார்த்துக்கொள்ளலாம்.